எல்லைக்கோட்டை ஜிபிஎஸ்ஸில் ஏற்றும்போது

கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்ற வாதம் தேர்தலுக்குத் தேர்தல் சூடாகும். படகின் ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டியது கடல் எல்லைக்கோடு போகும் புள்ளிகளின் எண் மட்டும். அந்த எண்கள் 1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கின்றன. மொத்தம் ஆறு புள்ளி. ராமேஸ்வரம், மண்டபம் படகுகளுக்குக் கடைசி நான்கு போதும்:

3: வடக்கு 9° 40.15', கிழக்கு 79° 22.60'
4: வடக்கு 9° 21.80', கிழக்கு 79° 30.70'
5: வடக்கு 9° 13.00', கிழக்கு 79° 32.00'
6: வடக்கு 9° 06.00', கிழக்கு 79° 32.00'

ஏற்றுவதற்கு முன் செட்டிங்கில் இரண்டைப் பாருங்கள். டேட்டம், அதாவது கருவி இடத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பூமி அளவு, டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்க வேண்டும். அளவு முறை டிகிரி, மினிட், மினிட்டின் தசமம் என்று இருக்க வேண்டும். பெரும்பாலான கோளாறு இந்த இரண்டாவதில்தான். கருவி டிகிரி-மினிட்-செகண்ட் முறையில் கிடந்தால் 40.15 என்பதை 40 மினிட் 15 செகண்ட் என்று தட்டிவிடுவார்கள். சரியான கணக்கு 40 மினிட் 9 செகண்ட். இதில் தவறு 185 மீட்டரோடு போகும். அடுத்து 22.60 தட்டும்போது செகண்ட் இடத்தில் 60 ஏறாது. அங்கேயே கையை நிறுத்தி செட்டிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். வெறும் டிகிரி தசமத்தில் இருக்கும் கருவியில் 9.4015 என்று போட்டால் கதை வேறு: மூன்றாம் புள்ளி 16 கடல் மைல் தெற்கே வந்து உட்கார்ந்துவிடும்.

நான்கையும் ஏற்றி, வரிசையாக ஒரு ரூட்டாகக் கோத்தால் திரையில் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அலாரம் அடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணக் கருவிகளில் நெருக்க அலாரம் என்பது ஒரு புள்ளியைச் சுற்றிய வட்டம். கோட்டுக்கு அது காவல் நிற்காது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையே 20 கடல் மைல். இரண்டிலும் அலாரம் வைத்துவிட்டு நடுவே போனால் கருவி வாயே திறக்காது.

ஆகவே இடைப்புள்ளிகள் வேண்டும். 3-க்கும் 4-க்கும் நடுவே மூன்று: 9° 35.56', 79° 24.63'; 9° 30.98', 79° 26.65'; 9° 26.39', 79° 28.68'. 4-க்கும் 5-க்கும் நடுவே ஒன்று: 9° 17.40', 79° 31.35'. 5-க்கும் 6-க்கும் நடுவே ஒன்று: 9° 09.50', 79° 32.00'. ஆக ஒன்பது புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 3 கடல் மைல் வட்டம் வையுங்கள். அடிக்கடி கத்துகிறதே என்று 2 மைலாகக் குறைத்தால், ஐந்து மைல் இடைவெளியுள்ள புள்ளிகளுக்கு நடுவே ஒரு மைல் சந்து திறந்துவிடும். 3 மைலில் எந்த இடத்திலும் குறைந்தது ஒன்றரை மைலுக்கு முன்பே சத்தம் வரும். மடிவலை இழுக்கும்போது வேகம் மணிக்கு மூன்று கடல் மைலுக்குள்தான் (மூன்று நாட்), அதனால் திருப்ப அரை மணி நேரம் கையில் இருக்கும்.

ராமேஸ்வரம் ஜெட்டியிலிருந்து நேர் கிழக்கே கோடு சுமார் 12 கடல் மைல். தனுஷ்கோடி நுனியான அரிச்சல்முனையிலிருந்து ஐந்து சொச்சம்தான். கச்சத்தீவை அடையாளம் வைத்து ஓட்டும் பழக்கம் வேண்டாம். கோடு தீவுக்கு ஒரு மைல் மேற்கே போகிறது. தீவிலுள்ள அந்தோணியார் கோவிலைத் தெளிவாகப் பார்க்கும் இடம் பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

பாம்பன் தெற்கு வாடிப் படகுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆறாம் புள்ளிக்குத் தெற்கே இருப்பது 1976 ஒப்பந்தத்தின் கோடு. அது நேராக இறங்காமல் மேற்கே வளைகிறது: 9° 00.0', 79° 31.3'; பிறகு 8° 53.8', 79° 29.3', பிறகு 8° 40.0', 79° 18.2'. கடைசிப் புள்ளி கிட்டத்தட்ட ராமேஸ்வரத்துக்கு நேர் தெற்கே. '79° 32' வரை நம்ம கடல்' என்று மனப்பாடம் செய்தவர்கள் மன்னார் வளைகுடாவில் பத்து மைல் தாண்டிப் போய் நிற்பார்கள்.

எண் சரியாக இருந்தும் படகு தாண்டுவது இன்ஜின் நிற்கும்போதுதான். கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) காலத்தில் காற்று கிழக்கே தள்ளும். ஒரு நாட் வேகத்தில் போனால்கூட ஒரு மணிக்கு ஒரு மைல். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். பாக் நீரிணையில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்; கயிறு அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 75 மீட்டர் வேண்டும். முப்பது மீட்டர் கயிற்றில் நங்கூரம் தரையைக் கவ்வாமல் உழுதுகொண்டே போகும். போட்டதும் நங்கூர அலாரத்தை 0.1 மைலில் வைத்து, விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனலில் இடத்தைச் சொல்லுங்கள். கைபேசி சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படை எண் 1554. வாடைக் காலத்தில் இந்தப் பதற்றம் குறைவு, காற்றே கரைப்பக்கம் கொண்டுவரும்.

போன பாதை பதிவாகும் டிராக்கை அணைக்காதீர்கள், கருவியின் நேரத்தை இந்திய நேரத்தில் வையுங்கள். எங்கே பிடித்தார்கள் என்ற கேள்வி வந்தால் வாய்ச்சொல்லைவிட அந்தப் பதிவு பேசும். நினைவகம் நிரம்பினால் பழைய பாதை தானாக அழியும் கருவிகளும் உண்டு. கரை திரும்பியதும் பிரதி எடுத்துவிட்டு கடலுக்குப் போக அடுத்த அனுமதி டோக்கன் வாங்கும் முன் காலி செய்யுங்கள். அப்போதே ஒன்பது புள்ளியையும் தாளோடு ஒப்பிட்டுவிடலாம். பேட்டரி முழுதாக இறங்கிய பிறகு சில பழைய கருவிகள் செட்டிங்கைப் பழையபடி மாற்றிக்கொள்ளும்.