வேளாண் செய்தியாளர் ஆவது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

அரசியல் செய்தியைப் படிப்பவர் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். வேளாண் கட்டுரையைப் படிப்பவரோ அதில் உள்ளபடி விதையும் உரமும் வாங்கக் கிளம்புகிறார். 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வானொலி நிகழ்ச்சிகளின் வழியே பரவியதால், உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். சொன்னது அப்படியே வயலுக்குப் போகும் இத்துறையில் நுழைய விரும்பும் தமிழ் இளைஞர்கள் எதை, எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

படி 1: வேலை எங்கே இருக்கிறது என்று அறியுங்கள்

2007-இல் தொடங்கப்பட்ட பசுமை விகடன் போன்ற இதழ்கள், நாளிதழ்களின் வேளாண் பக்கங்கள், அகில இந்திய வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள், தொலைக்காட்சி, யூடியூப் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த வாசல்கள். அவற்றைக் காட்டிலும் நிலையான வருமானம் பெரும்பாலும் வேளாண் தகவல் தொடர்புப் பணிகளில்தான் கிடைக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், விதை மற்றும் உரம், மருந்து போன்ற இடுபொருள் நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் துண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, குறும்படம், மொழிபெயர்ப்பு என்று ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கும் பகுதிநேரச் செய்தியாளர், அந்தத் தொகையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: படிப்பு

இளநிலை வேளாண்மை படித்து, ஆராய்ச்சி முடிவுகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் துறையான வேளாண் விரிவாக்கத்தில் முதுநிலை முடிப்பது ஒரு வழி. இதழியல் படித்துவிட்டு வேளாண்மையைக் களத்தில் கற்பது இன்னொரு வழி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது முதல்வர்கள் குழு (வேளாண் கல்லூரி முதல்வர்களைக் கொண்ட குழு) வகுத்த இளநிலைப் பாடத்திட்டத்தில் வேளாண் இதழியல் ஒரு விருப்பப் பாடமாகவே இடம்பெற்றது. வேளாண் அறிவியல் நிலையத்தில் தொழில்நுட்ப வல்லுநராகச் சேர வேளாண்மை அல்லது அது சார்ந்த துறையில் பட்டம் கட்டாயம். இதழ்களில் அப்படி இல்லை. வேளாண் பட்டதாரியின் முதல் கட்டுரை திட்ட அறிக்கை போலவும், இதழியல் பட்டதாரியின் முதல் கட்டுரை பயிர் தெரியாத சுற்றுலாக் குறிப்பு போலவும் அமைவது வழக்கம். இரண்டுமே பழகப் பழகச் சரியாகிவிடும்.

படி 3: ஒரு பயிர், ஒரு வட்டாரம்

எல்லாப் பயிரையும் பற்றி எழுத முயலாதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றி அதிகம் விளையும் ஒரு பயிரை எடுத்துக்கொண்டு, அதை விதைப்பிலிருந்து விற்பனை வரை ஒரு பருவம் முழுவதும் பின்தொடருங்கள். வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம், உரக்கடை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், நேரடி நெல் கொள்முதல் நிலையம், கமிஷன் மண்டி ஆகிய இடங்களில் உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவரையும் நடவு, களை வேலைக்குப் போகும் பெண்களையும் சந்திக்காமல் நிலவுடைமையாளரை மட்டும் பேட்டி காண்பவருக்குப் பயிரின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டபோது இத்தகைய தொடர்புகளின் அருமை விளங்கியது. அந்தப் புழுவின் தலையில் தலைகீழான ‘ஒய்’ வடிவக் கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். பூச்சியியல் வல்லுநரைக் கேட்டுவிட்டு வயலுக்குச் செல்லும் செய்தியாளர் அந்த அடையாளம் தெரியும்படி படம் எடுப்பார். கேட்காமல் செல்பவர் ஓட்டை விழுந்த இலையைப் படமெடுத்துவிட்டுத் திரும்புவார்.

படி 4: எண்களைச் சரிபாருங்கள்

புதியவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பல்கலைக்கழகப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். உழவர் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுவார். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர், ஒரு ஏக்கர் 100 சென்ட். காவிரிப் படுகையின் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 50 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. இதில் தழைச்சத்தை மட்டும் யூரியாவாக மாற்றிப் பாருங்கள். 150 கிலோவை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்குச் சுமார் 61 கிலோ வரும். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால், அந்த 61 கிலோவுக்கு ஏறக்குறைய 132 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். மணிச்சத்துக்காக டி.ஏ.பி. உரம் இட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தையும் பல தவணைகளாகப் பிரித்தே இட வேண்டும்.

இப்போது ‘ஹெக்டேர்’ என்ற இடத்தில் கவனக்குறைவாக ‘ஏக்கர்’ என்று அச்சாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஏழு மூட்டையைத் தாண்டிவிடும். அவ்வளவு தழைச்சத்து விழுந்த பயிரில் புகையான் பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் ஆகியவை பெருகும். கதிர் முற்றும் வேளையில் பயிர் சாயும். அடுத்த இதழில் வரும் திருத்தக் குறிப்பு வயலுக்கு உதவாது.

மருந்து அளவிலும் இதே கவனம் தேவை. லிட்டருக்கு 2 மில்லி என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. ‘டேங்குக்கு’ என்பது ‘லிட்டருக்கு’ என்று மாறினால் பத்து மடங்காகிவிடும். வணிகப் பெயரை எழுதாமல் மருந்தின் வேதிப்பெயரை எழுதுங்கள். எந்தப் பயிருக்கு அந்த மருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் புட்டியின் லேபிளில் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

படி 5: லாபக் கதைகளை உரித்துப் பாருங்கள்

“ஏக்கருக்கு மூன்று லட்சம் லாபம்” என்ற தலைப்பு விற்கும். ஆகவே அதை எழுதச் சொல்லி உங்களுக்கு நெருக்கடியும் வரும். அப்படிச் சொல்பவரிடம் மரியாதை குறையாமல் சில கேள்விகளைக் கேளுங்கள். பயிரிட்டது உண்மையில் ஒரு ஏக்கரா, அல்லது 20 சென்ட்டில் கிடைத்ததை ஐந்தால் பெருக்கினாரா? சொன்ன விலை பருவம் முழுவதற்குமான சராசரியா, சந்தை உச்சத்தில் இருந்த ஒரு நாளின் விலையா? வீட்டார் உழைப்பும் நிலத்தின் குத்தகை மதிப்பும் செலவில் சேர்ந்திருக்கின்றனவா? கன்றையும் விதையையும் மற்றவர்களுக்கு விற்று வந்த வருமானம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு வரும் விடை பல கட்டுரைகளின் தலைப்பையே மாற்றிவிடும். கணக்கு நோட்டு, மண்டிச் சீட்டு ஏதேனும் இருந்தால் அனுமதி பெற்றுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடுபொருள் நிறுவனம் வண்டி வைத்து அழைத்துச் சென்று காட்டிய வயலைப் பற்றி எழுதும்போது, அந்தச் செய்தியையும் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 6: பருவத்துக்கு முன்பே அனுப்புங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். அந்த நீரை நம்பிப் பயிராகும் குறுவை நெல்லுக்கு ஏற்ற ரகங்களைப் பற்றிய கட்டுரை அதே வாரத்தில் ஆசிரியர் குழுவின் கைக்குப் போனால் பயனில்லை. விதை வாங்கும் முன் அச்சில் வர வேண்டுமானால் ஏப்ரலிலேயே அனுப்பியாக வேண்டும். முழுக் கட்டுரைக்கு முன், என்ன எழுதப் போகிறீர்கள், யாரைச் சந்தித்தீர்கள், ஏன் இப்போது வெளிவர வேண்டும் என்பவற்றைப் பத்து வரிக்குள் எழுதி அனுப்புங்கள். உழவரின் தொலைபேசி எண்ணை அவருடைய சம்மதமின்றி வெளியிடாதீர்கள். கட்டுரை வெளியானதும் இரவு பகல் பாராமல் அழைப்புகள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்பதுதான் முறை. கட்டுரையுடன் பெரிய அளவுப் படங்கள் நான்கைந்தும், பரிந்துரை அளவுகளைச் சரிபார்த்த வல்லுநரின் பெயரும் பதவியும் தனித்தாளில் இருக்கட்டும்.