பூஞ்சைத் தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் ஐ.சி.யு.வில் இருந்தபோது, நான் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்பதால், அவருடைய மகள் அறிக்கையை என் முன் விரித்து, பீட்டா-டி-குளுக்கான் என்ற வரிக்கு நேரே இருந்த 140 என்ற எண்ணில் விரலை வைத்து, "அண்ணா, அப்பாவுக்கு ஃபங்கஸ் வந்துடுச்சா?" என்று கேட்டாள். பரவலாகப் பயன்படும் முறையில் மில்லிலிட்டருக்கு 80 பிக்கோகிராமும் அதற்கு மேலும் பாசிட்டிவ் என்றாலும், அந்த எண்ணை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பல பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள இந்தப் பொருள், செல்லுலோஸ் சவ்வு கொண்ட டயாலிசிஸ், நரம்பு வழியே ஏற்றும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஆகிய இரத்தப் புரதங்கள், அறுவை சிகிச்சையில் வைக்கும் காஸ் துணி ஆகியவற்றிலிருந்தும் இரத்தத்தில் கலக்கக்கூடும். பெரியவருக்கு இரண்டு நாள் முன்புதான் ஆல்புமின் ஏற்றியிருந்தார்கள். அந்தத் தேதியை மகள் எழுதிக் கொடுத்த பிறகே மருத்துவர் மறுமாதிரி கேட்டார்.

நெகட்டிவ் என்றதும் நிம்மதி அடைவது இதைவிட ஆபத்தானது. 2021-இல் கறுப்புப் பூஞ்சை என்று நாம் அஞ்சிய மியூகர் வகைகளை இந்தப் பரிசோதனையும் காட்டாது, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான காலக்டோமன்னன் பரிசோதனையும் காட்டாது. சர்க்கரை நோயாளிக்கு முகம் வீங்கி, கண் வலித்து, மூக்கில் கறுத்த பொருக்குத் தெரிந்தால், இரத்த அறிக்கைக்குக் காத்திராமல் உடனே திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நாள் தாமதம்கூடக் கண்ணைப் பறித்துவிடலாம்.

கேண்டிடா என்ற பூஞ்சை உடலுக்குள் பரவியிருக்கும்போது, இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதைத் தவறவிடுகிறது. அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்ற டி2கேண்டிடா என்ற பரிசோதனை, கல்ச்சர் வளரக் காத்திராமல் இரத்தத்திலிருந்தே சில மணி நேரத்தில் விடை தருவது பெரிய முன்னேற்றம்தான் என்றாலும், அது தேடுவது கேண்டிடாவின் ஐந்து இனங்களை மட்டுமே. மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத கேண்டிடா ஆரிஸ் அந்த ஐந்தில் இல்லை.

பூஞ்சை மருந்து தொடங்கிய பின் மாதிரி எடுத்தால் காலக்டோமன்னன் மதிப்பு குறைந்து காட்டக்கூடும் என்பதால், முடிந்தவரை முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுப்பது நல்லது. ஆனால் நிலைமை மோசமான நோயாளிக்கு அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. படர்தாமரைக்கு இந்தப் பரிசோதனைகள் எதுவும் தேவையில்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் போதும்.

எச்.ஐ.வி. உள்ளவரின் சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கியும், தலைவலி இல்லையே என்று, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜன் (அதன் அடையாளப் பொருள்) பரிசோதனையை விட்டுவிடுவதும் தவறே. மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்த ஆன்டிஜன் இரத்தத்தில் தென்படுகிறது. சோதனைப் பட்டையில் கோடு விழச் சில நிமிடங்களே ஆகும்.