ஒட்டு மாங்கன்று நடும்போது கவனிக்க வேண்டியவை
கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் செந்தூரா, பெங்களூரா போன்ற ஒட்டு மாங்கன்றுகளை நடுவோர், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாக உள்ள குழியில் மேல்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் கலந்து நிரப்பியபின், ஒட்டுப் பகுதி (கொட்டையிலிருந்து முளைத்த கன்றோடு விரும்பிய ரகத்தின் கிளை சேரும் இடம்) மண்ணுக்கு மேல் அரை அடியாவது தெரியும்படி கன்றை நட வேண்டும். ஒட்டில் சுற்றியுள்ள பாலிதீன் நாடாவை அவிழ்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தண்டு பருக்கும்போது அந்த நாடா பட்டையை இறுக்கி அறுத்துவிடும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும், அது கொட்டைக் கன்றின் தளிர் என்பதால், விரல் நீளம் வளர்வதற்குள் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காவிட்டாலும், முதல் 3 ஆண்டுகள் பூங்கொத்துகளையும் நீக்குவதே கன்றுக்கு நல்லது. தண்டிலிருந்து 2 அடி தள்ளி, பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வைக்கலாம்.