கிராஃபைட் மின்தடை வரைபடத்தில் மேடுகளை எண்ணுவது எப்படி?

பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான், ஆனால் பென்சில் குச்சி இதற்கு உதவாது. அதில் களிமண் கலந்திருக்கும், படிகங்களும் கண்டபடி திரும்பிக் கிடக்கும். ஒற்றைப்படிகத்தில், திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வின் குளிரில், காந்தப்புலத்தைக் கிராஃபைட்டின் கார்பன் அடுக்குகளுக்குச் செங்குத்தாக வைத்து எடுத்த அளவீடு வேண்டும். எக்செல்லில் இரண்டு நெடுவரிசை போதும்: புலம் டெஸ்லாவில், தடை ஓமில்.

படி 1: வரைந்து பாருங்கள். புலம் கூடக்கூடத் தடை மளமளவென்று ஏறும், அந்த ஏற்றத்தின் மேல் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். நமக்கு மேடுகள்தான் முக்கியம். ஏற்றத்துக்கு ஒரு சீரான வளைகோட்டைப் பொருத்திக் கழித்துவிடுங்கள்.

படி 2: மேடுகளுக்கு இடையே தூரம் சமமாக இல்லையே என்று பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள். கிடை அச்சில் புலத்தை வைக்காதீர்கள், 1-ஐப் புலத்தால் வகுத்து வையுங்கள். உதாரணத்துக்கு மேடுகள் 5, 2.5, 1.67, 1.25 டெஸ்லாவில் வருகின்றன என்றால், வகுத்த பிறகு 0.2, 0.4, 0.6, 0.8 என்று அழகாக வரிசையில் நிற்கும். காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்களின் ஆற்றல் லாண்டாவ் மட்டங்கள் எனப்படும் தனித்தனிப் படிகளாகப் பிரிகிறது, புலம் ஏற ஏற ஒவ்வொரு மட்டமாக ஃபெர்மி ஆற்றலை (எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச வரம்பை) தாண்டிப் போகிறது, ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு மேடு. இதற்கு ஷுப்னிகோவ்–டி ஹாஸ் அலைவு என்று பெயர்.

படி 3: 1-ஐ அந்த இடைவெளியால் வகுங்கள். 0.2 என்றால் 5 டெஸ்லா, இதுதான் அலைவெண். நிஜத் தரவில் எலெக்ட்ரானுக்கு ஒன்று, துளைக்கு (எலெக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர் மின்னூட்டம்போல நடந்துகொள்ளும்) ஒன்று என இரண்டு வரிசைகள் பின்னி வரும், இரண்டுமே 4 முதல் 7 டெஸ்லாவுக்குள் இருக்கும். அதைவிடக் கூடுதலாக வந்தால் படிகம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செம்பில் இதே எண் கிட்டத்தட்ட 58,000 டெஸ்லா! கிராஃபைட்டில் பத்தாயிரக்கணக்கான அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் மின்சாரம் சுமக்கும் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன, சுமப்பவை குறைந்தால் அலைவெண்ணும் குறையும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

படி 4: சுமார் 8 டெஸ்லாவுக்கு மேல் மேடுகள் நின்றுவிடும். கருவியில் கோளாறு இல்லை, எலெக்ட்ரான்களும் துளைகளும் எல்லாம் கடைசி லாண்டாவ் மட்டங்களில் அடங்கிவிட்டன, அவ்வளவுதான். அப்புறம் சில கெல்வின் குளிரில், 25 டெஸ்லாவையொட்டித் தடை திடீரென்று எகிறும். எலெக்ட்ரான்கள் மின்னூட்ட அடர்த்தி அலையாக, அதாவது அடர்த்தி சீராகக் கூடிக் குறையும் அமைப்பாக, திரள்வதே காரணம் என்று இயற்பியலாளர்கள் யோஷியோகாவும் ஃபுகுயாமாவும் 1981-இல் சொன்னார்கள். உங்கள் தரவு அதுவரை போனால், படி 1-இல் வளைகோடு பொருத்தும்போது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், சேர்த்தால் கீழே உள்ள மேடுகளும் இடம் மாறிவிடும்.