வேறு ஒரிஜினிலிருந்து வரும் உலாவிக் கோரிக்கைகளை என்ஜின்எக்ஸில் அனுமதிக்கும் முறை

கிளிநொச்சியிலுள்ள கமக்காரர் அமைப்பொன்றுக்காக, இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கமொன்றை அமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் ஒரு முகவரியிலும், அளவீடுகளைத் தரும் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்கும் இடைமுகம்) வேறொரு துணை முகவரியிலும் உள்ளன. கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு கேட்டால் தரவு ஒழுங்காக வருகிறது. உலாவியிலோ நீர்மட்டக் கட்டம் வெறுமையாகக் கிடக்க, கன்சோலில் கோர்ஸ் பிழை, அதாவது வேறு ஒரிஜினிலிருந்து தரவு பெற அனுமதியில்லை என்ற பிழை, சிவப்பாக நிற்கிறது. இந்தத் தடையை இடுவது உலாவி. அதைத் தளர்த்தும் அனுமதியைத் தரவேண்டியது வழங்கி. ஆகவே பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டைத் திருத்திப் பயனில்லை.

நெறிமுறை, பெயர், போர்ட் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே இரு முகவரிகள் ஒரே ஒரிஜின் ஆகும். லோக்கல்ஹோஸ்டில் 3000, 8080 ஆகிய போர்ட்டுகள்கூட உலாவிக்கு வெவ்வேறு ஒரிஜின்களே.

வழங்கி மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில், ஏபிஐக்குரிய லொக்கேஷன் பகுதியில், ஆட்_ஹெடர் கட்டளையால் 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஒரிஜின்' தலைப்பைச் சேர்த்து, பக்கத்தின் ஒரிஜினை இறுதிச் சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய நீர்மட்டத்துக்கு ஒரிஜினுக்குப் பதிலாக நட்சத்திரக்குறி (*) போதும். ஆனால் அளவீட்டைப் பதிவோர் குக்கியுடன் உள்நுழைவதாயின் அக்குறியை உலாவி ஏற்காது. சரியான ஒரிஜினையும், 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-கிரெடென்ஷியல்ஸ்' தலைப்புக்கு 'ட்ரூ' என்ற மதிப்பையும் தரவேண்டும். வந்த ஒரிஜினைப் பட்டியலோடு ஒப்பிடாமல் அப்படியே திருப்பி அனுப்புவது பெரும் ஆபத்து. பல ஒரிஜின்கள் இருப்பின் மேப் கட்டளையால் சரிபார்த்து, 'வேரி: ஒரிஜின்' என்பதையும் சேருங்கள்.

ஆட்_ஹெடர் வரியின் ஈற்றில் 'ஆல்வேஸ்' என்ற சொல்லைச் சேர்க்க மறவாதீர்கள். அது இல்லையேல் 404, 500 போன்ற பிழைப் பதில்களில் தலைப்பு சேராது. தரவுத்தளம் விழுந்திருந்தாலும் உலாவி கோர்ஸ் பிழையென்றே காட்டுவதால், இல்லாத குற்றத்தைத் தேடி ஒரு நாளே கழிந்துவிடும்.

ஜேசன் வடிவில் போஸ்ட் அனுப்புமுன் உலாவி ஆப்ஷன்ஸ் கோரிக்கையொன்றை முன்னோட்டமாக அனுப்பும். அதில் குக்கி வராது. உள்நுழைவைச் சோதிக்கும் நிரல் 401 (உள்நுழையவில்லை) என்று திருப்பினால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். எனவே இஃப் பகுதியொன்றால் ஆப்ஷன்ஸுக்கு உள்ளடக்கமற்ற 204 பதிலைத் திருப்பி, 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-மெதட்ஸ்', 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெடர்ஸ்' தலைப்புகளையும் தாருங்கள். அந்த இஃப் பகுதிக்குள் ஆட்_ஹெடர் ஒன்றை எழுதினாலும் வெளியிலுள்ளவை அங்கு செல்லாமற்போகும்; ஆதலால் எல்லாவற்றையும் லொக்கேஷன் மட்டத்திலேயே வைப்பது நன்று. முன்னோட்டத்தின் விடையை உலாவி நினைவில் வைக்கும் நேரமான 'அக்சஸ்-கன்ட்ரோல்-மேக்ஸ்-ஏஜ்' தலைப்பை 7200 விநாடி எனக் கொடுத்தால், சிக்னல் மெலிந்த வயற்கரையில் நிற்பவருக்கு இந்த முன்னோட்டம் ஒவ்வொரு முறையும் செல்லாது. குரோம் அதற்கு மேற்பட்ட விநாடிகளை ஏற்பதில்லை.

'என்ஜின்எக்ஸ் -டி' கொண்டு அமைப்பைச் சோதித்து, மீள ஏற்றுங்கள். பின்னர் ஒரிஜின் தலைப்பைச் சேர்த்துக் கர்லில் கேட்டு, 200 பதிலில் மட்டுமன்றி, ஏபிஐயில் இல்லாத பாதையொன்றின் 404 பதிலிலும் அனுமதித் தலைப்பு வருகிறதா என்று பாருங்கள்.