லிலிபாண்டில் கார்டு குறிகளை மாற்றியது

இசைக் குறிப்புகளை அச்சிடும் மென்பொருளான லிலிபாண்டில், மேஜர் செவன்த் என்ற வகைக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதினால் சின்ன முக்கோணம்தான் அச்சாகும். ஜாஸ்காரர்களுக்கு அது பழக்கம். என்னுடன் வாசிக்கும் கிட்டார்காரருக்கோ 'மேஜ்7' என்று இருந்தால்தான் கை ஓடும். லேஅவுட் பகுதியில், கார்டு பெயர்களை அச்சிடும் கார்ட்நேம்ஸ் கான்டெக்ஸ்டில், 'மேஜர்செவன்சிம்பல்' என்பதற்கு அந்த எழுத்தை மார்க்கப்பாக (அச்சிட வேண்டிய உரையாக) கொடுத்தேன். பாட்டு முழுக்க மாறிவிட்டது.

ஹாஃப் டிமினிஷ்டு என்ற கார்டு வகைதான் கொஞ்சம் வேலை வைத்தது. அதற்கு அச்சாகும் வெட்டுப்பட்ட வட்டத்தை மாற்ற 'கார்ட்நேம்எக்ஸெப்ஷன்ஸ்' என்ற விதிவிலக்குப் பட்டியல் வேண்டும். சி-யை மூலமாக (கார்டின் அடிப்படைச் சுரமாக) வைத்துச் சுரங்களை ஒருமுறை எழுதினால் போதும், மற்ற மூலங்களுக்கும் அதுவே பொருந்தும் (இது எனக்குப் பிடித்த ஏற்பாடு). எழுதியதை லிலிபாண்டில் ஏற்கெனவே உள்ள 'இக்னாட்செக்எக்ஸெப்ஷன்ஸ்' பட்டியலுக்கு முன்னால் அப்பெண்ட் செய்து இணைத்தேன். இணைக்காமல் தனியாகக் கொடுத்தால், ஆக்மென்டட் கார்டுக்கான கூட்டல் குறி போன்ற இயல்பான விதிவிலக்குகள் போய்விடும்.

கையோடு 'கார்ட்சேஞ்சஸ்' அமைப்பையும் இயக்கினேன். கார்டு மாறும் இடத்திலும் வரியின் தொடக்கத்திலும் மட்டும் இப்போது பெயர் வருகிறது.