பழைய டாஸ் விளையாட்டை இன்றைய விண்டோஸில் ஓட்டுவது எப்படி?

"அண்ணே, டிஸ்கெட்ல இருக்கிற கேம் ஓடவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சா?" மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மடிக்கணினியோடு வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. பெரும்பாலும் விளையாட்டு கெட்டிருக்காது. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய 16-பிட் காலத்து நிரல். 64-பிட் விண்டோஸில் அத்தகைய நிரல்களை இயக்கும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான். அதனால் நமக்கு வேண்டியது டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள். பழைய கணினி ஒன்றை, அதன் ஒலி அட்டை உட்பட, அப்படியே விண்டோஸுக்குள் உருவாக்கித் தருகிறது.

முதலில் டிஸ்கெட்டைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்குள் பூஞ்சை பிடிக்கும். மேலே உள்ள தகட்டை நகர்த்திப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் டிரைவில் போட வேண்டாம். டிரைவின் முனை அழுக்காகி அடுத்த டிஸ்கெட்டையும் கீறிவிடும். சுத்தமாக இருந்தால், யூஎஸ்பியில் இணைக்கும் டிஸ்கெட் டிரைவில் போட்டு எல்லாக் கோப்புகளையும் இன்றைக்கே கணினிக்கு எடுத்துவிடுங்கள். விளையாடுவதைவிட இது அவசரம். யூஎஸ்பி டிரைவ் 3.5 அங்குல டிஸ்கெட்டுக்குத்தான், பெரிய 5.25 அங்குலத்தை அது படிக்காது.

அடுத்து, சி டிரைவில் 'கேம்ஸ்' (games) என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'பிரின்ஸ்' (prince) என்று இன்னொன்று; டிஸ்கெட்டிலிருந்து எடுத்த கோப்புகளை அதில் போடுங்கள். 1990இல் டாஸுக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஃபோல்டர் பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸுக்கு அதுதான் எல்லை.

டாஸ்பாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். சின்னக் கோப்புதான், கைப்பேசி டேட்டாவே போதும். திறந்தால் கறுப்புத் திரை வரும். கீழே உள்ள கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அழுத்துங்கள்:

mount c c:\games
c:
cd prince
prince

முதல் வரிதான் உயிர்நாடி. 'கேம்ஸ்' ஃபோல்டரையே ஒரு சி டிரைவாக எடுத்துக்கொள் என்று டாஸ்பாக்ஸிடம் சொல்கிறோம். உண்மையான சி டிரைவ் முழுவதையும் மவுண்ட் செய்யாதீர்கள். பழைய நிரல் ஒன்று தப்பாக அழித்தால் விண்டோஸ் கோப்புகளே போய்விடும். கடைசி வரி வேலை செய்யாவிட்டால் 'டிர்' (dir) என்று தட்டுங்கள். பட்டியலில் எக்ஸ்இ (EXE), காம் (COM), பேட் (BAT) என்று முடிகிற பெயர்தான் விளையாட்டைத் தொடங்கும் கோப்பு.

சரி, ஓடுகிறது. ஆனால் சில விளையாட்டுகளில் ஆள் கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்துவிடுவான், சிலவற்றில் நகரவே மாட்டான். அந்தக் காலத்து நிரல்கள் பல கணினியின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. கன்ட்ரோல் + எஃப்11 வேகத்தைக் குறைக்கும், கன்ட்ரோல் + எஃப்12 கூட்டும். சாளரத்தின் தலைப்பில் 'சைக்கிள்ஸ்' எண் மாறுவது தெரியும். சாதாரணமாக அது 3000இல் தொடங்கும். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம். இதில் பொறுமை காட்டுங்கள், சரியான வேகத்தில்தான் அந்த விளையாட்டின் அருமை தெரியும்.

சத்தம் வராவிட்டால் அதே ஃபோல்டரில் 'செட்டப்' கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை ஓட்டி சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்; முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. முழுத்திரைக்கு ஆல்ட் + என்டர். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் + எஃப்10.

பிரின்ஸ் விளையாடுபவர்களுக்கு ஒன்று. முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் இருக்கும் அறை வரும். கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள சொல்லின் முதல் எழுத்தைக் கேட்கும். இது கோளாறு இல்லை, திருட்டுப் பிரதியைத் தடுக்க அன்று வைத்த பூட்டு. ஆகவே டிஸ்கெட்டோடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

தினமும் நான்கு வரி தட்ட அலுப்பாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸுக்குக் கீழே 'ஆப்ஷன்ஸ்' திறங்கள். கோப்பின் அடியில் 'ஆட்டோஎக்ஸெக்' பகுதி இருக்கும். அதே நான்கு வரிகளையும் அங்கே எழுதிச் சேமித்தால், அப்புறம் டாஸ்பாக்ஸைத் திறந்ததுமே விளையாட்டு தொடங்கிவிடும்.